மேஜை மேல் ஒரு போர் விமானம்: நீலகிரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

ஒரு பக்க இறக்கை நுனியில் 2.8 மில்லிமீட்டர். அவ்வளவுதான் அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால், நீங்கள் பார்த்துப் பார்த்து ஒட்டிய கோர்சேர் போர் விமானம் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்ததே இல்லை என்று ஆகிவிடும்!

கோர்சேருக்கும் கோவைக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? குன்னூர் மலைப்பாதையில் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்று கீழே பாருங்கள். அந்தச் சமவெளியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரிட்டிஷ் கடற்படையின் விமானங்கள் குவிந்து கிடந்தன. சூலூரில் இருந்த தளத்தின் பெயர் எச்.எம்.எஸ். வைரி. கோவையில் இருந்த விமானப் பழுதுபார்ப்புத் தளத்தின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. தாம்பரத்தில் எச்.எம்.எஸ். வள்ளூரு. எல்லாம் கப்பல் பெயர்கள்! தண்ணீரே இல்லாத இடத்தில் இருந்தாலும் தன் தளத்தைக் கப்பலாகப் பதிவு செய்வது அந்தக் கடற்படையின் வழக்கம். நொய்யல் கரைக்குப் பக்கத்தில் ஒரு ‘கப்பல்’ நின்றிருக்கிறது, நம் தாத்தாக்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த விமானங்களில் ஒன்றான கோர்சேர் அமெரிக்காவில் பிறந்தது. டபிள்யூ எழுத்துப் போல் வளைந்த இறக்கையை மேல்நோக்கி மடித்தால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் உள்கூடத்துக் கூரையில் இடித்தது. அந்தக் கூடத்தின் உயரம் குறைவு. என்ன செய்தார்கள்? விமானத்தின் இரண்டு இறக்கை நுனிகளிலும் 8 அங்குலம் நறுக்கிவிட்டார்கள்! அந்த 8 அங்குலம்தான் 72-இல் ஒரு பங்கு மாடலில் 2.8 மில்லிமீட்டராக வந்து நிற்கிறது. இல்லஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து கிளம்பி 1944 ஏப்ரலில் சுமத்ரா முனையில் இருந்த சபாங் மீது பாய்ந்தவை இப்படி நுனி வெட்டப்பட்ட கோர்சேர்கள்தான். அந்தக் கப்பற்படை புறப்பட்ட துறைமுகம் திருகோணமலை.

இன்னொன்று தெரியுமா? அந்த விமானத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது. பிரிட்டிஷ் விமானம் என்றால் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு என்று நமக்கு மனப்பாடம். ஆனால் ஜப்பான் விமானங்களில் இருந்தது சிவப்புச் சூரியன். பரபரப்பில் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாதே என்று கிழக்குப் போர்முனையில் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். எத்தனையோ பேர் அழகாக மாடல் செய்து, கடைசியில் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். (நம் இந்திய விமானப் படையின் இன்றைய வட்டத்தில் காவி வெளியே, பச்சை உள்ளே. இதையும் மாற்றி வைப்பவர்கள் உண்டு.)

சரி, அது என்ன 72? ஏன் 70 இல்லை, 75 இல்லை? ஓர் அங்குலம் என்றால் ஆறடி, அவ்வளவுதான் கணக்கு! ஆறடி ஆள் ஓர் அங்குலப் பொம்மையாகி விமானத்துக்குப் பக்கத்தில் நிற்பான். 1932-இல் பிரிட்டனில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்பவர் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற மர விமானத் தொகுப்புகளுக்கு இந்த அளவை வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதே அளவு ஓடுகிறது.

விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறீர்களா? 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டது ஐந்து லட்சம் மாடல் விமானங்கள்! 50 வகை, வகைக்குப் பத்தாயிரம். மரத்தில் செதுக்கி, முழுக்கக் கறுப்புப் பூசி அனுப்ப வேண்டும். எதற்கு? 72-இல் ஒரு பங்கு மாடலை 35 அடி தள்ளித் தொங்கவிட்டுப் பார்த்தால், நிஜ விமானத்தை ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் பார்ப்பது போலவே தெரியும். 35-ஐ 72-ஆல் பெருக்குங்கள், 2,520 அடி வரும். பீரங்கி வீரர்கள் கறுப்பு நிழலை வைத்தே நண்பனா எதிரியா என்று சொல்லப் பழகினார்கள். பிள்ளைகளின் கைவேலை, வீரர்களின் கண் பயிற்சி!

இந்தக் கணக்கில் ஒருமுறை விழுந்துவிட்டால் எழுந்திருப்பது கஷ்டம். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவை 72-ஆல் வகுத்தால் 36.6 மீட்டர், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உயரம். சூலூரில் இன்று நிற்கும் தேஜஸ் 13.2 மீட்டர் நீளம். மேஜையில் 18 சென்டிமீட்டர்தான். தஞ்சாவூரில் நிற்கும் சுகோய் 30 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும், ஸ்கேலே பத்தாது! ஈரப் பெயிண்டில் விழுந்து ஒட்டிக்கொண்ட ஒரு தலைமுடி, நிஜ விமானக் கணக்கில், அரை சென்டிமீட்டர் பருமனுள்ள கேபிள். தூரிகையில் தடிப்பாக ஒரு பூச்சுப் பூசினால், இறக்கை மேல் மில்லிமீட்டர் கணக்கில் சாந்து அப்பிய மாதிரி. அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்கள் பெயிண்டைப் பால் போல் நீர்க்கக் கரைத்து, மெல்லியதாக, திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள். காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷுக்கு வசதியுள்ளவர்கள் கம்ப்ரஸர் வாங்குகிறார்கள். வசதியில்லாதவர்கள் பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றி அதற்குக் காற்று கொடுக்கிறார்கள். இரண்டாவது வகையினர் மீதுதான் எனக்கு மரியாதை அதிகம்.

இப்போது நீலகிரிக்காரர்களுக்கு மட்டுமே சட்டென்று புரியக்கூடிய ஒரு விஷயம். விமானக் கம்பெனி பூசிய அதே பெயிண்டை, அதே டின்னிலிருந்து எடுத்து மாடலில் பூசினால் நிறம் தப்பாகத் தெரியும்! நம்ப முடிகிறதா? அடர்த்தியாக, கறுத்து, பொம்மை மாதிரி இருக்கும். மேட்டுப்பாளையத்தில் நின்று மலையைப் பாருங்கள். அங்கே இருப்பது சோலைக் காட்டின் கரும்பச்சை, தேயிலையின் பளிச்சென்ற பச்சை, செம்மண். கண்ணுக்குத் தெரிவதோ வெளுத்த நீலம். இடையில் இருக்கும் காற்றும் தூசும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைக்கின்றன. குன்னூரை நெருங்க நெருங்கப் பச்சை திரும்பி வந்துவிடும். மாடல்காரர்கள் இதையே தூரிகையில் செய்கிறார்கள்: சிறிய மாடல் என்றால் தூரத்து விமானம் என்று பொருள், ஆகவே எந்த நிறத்திலும் சில சொட்டு வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலக்க வேண்டும். 72-இல் ஒரு பங்குக்கு அதிகமாக, 32-இல் ஒரு பங்குக்குக் குறைவாக.

எதிர்க்கட்சியும் உண்டு. கையில் பிடித்து 30 சென்டிமீட்டரில் பார்த்தால் சுமார் 22 மீட்டர் தூரத்து விமானம்தானே, 22 மீட்டரில் எந்த நிறம் வெளுக்கிறது என்று கேட்கிறார்கள். கணக்குப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கண் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கலக்காமல் பூசிய விமானத்தையும் கலந்து பூசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கலந்ததுதான் பறக்கும். நான் வெள்ளை கலக்கும் கட்சி.

நிறத்துக்கு நம்பர் இருப்பது தெரியுமா? அமெரிக்கப் போர் விமானங்களின் வெளிர் சாம்பல் 36375. முதல் எண் 3 என்றால் மினுமினுப்பே இல்லாத பூச்சு. 1 என்றால் பளபளப்பு. இரண்டாவது எண் 6, சாம்பல் குடும்பம். 4 பச்சை, 5 நீலம். மீதி மூன்று எண்களில் பெரியது வந்தால் நிறம் வெளிர். பெயிண்ட் டப்பாவே ஒரு சங்கேத மொழி!

இதையெல்லாம் விட ஒரு பெரிய ஆச்சரியம் மலை ரயில் பாதையிலேயே இருக்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காடு. அங்கே 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை. கார்டைட் என்றால் துப்பாக்கி, பீரங்கிகளில் குண்டைத் தள்ளும் வெடிமருந்து. அதன் உயிர் நைட்ரோ செல்லுலோஸ், அதாவது பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பொருள். அதே நைட்ரோ செல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்தால் என்ன கிடைக்கும்? லேக்கர் பெயிண்ட்! முதல் உலகப் போர் விமானங்களின் துணி இறக்கைகளை விறைப்பாக இழுத்து நிறுத்திய பூச்சுகளில் ஒன்று அதுதான். கார் பட்டறைகளில் ‘என்.சி. புட்டி’ என்று கேட்டு வாங்கி, மாடல் விமானத்தின் இடுக்குகளை அடைக்கிறோமே, அந்த என்.சி.யும் அதுவே. பீரங்கிக்குள்ளும் பஞ்சு, பெயிண்ட் டப்பாவுக்குள்ளும் பஞ்சு!

இன்னும் மேலே ஏறி ஊட்டிக்கு வாருங்கள். 1960-இல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் உருவாகி, அது இருந்த பகுதியே ‘இந்து நகர்’ ஆனது. புகைப்படச் சுருளுக்கு அடித்தளமாக உலகெங்கும் பயன்பட்டது செல்லுலோஸ் அசிட்டேட் குடும்பம். உலகின் முதல் பிளாஸ்டிக் விமானக் கிட்கள், 1936-இல் பிரிட்டனில் வந்த ‘ஃபிராக் பெங்குவின்’, எதில் செய்யப்பட்டன என்று நினைக்கிறீர்கள்? அதே செல்லுலோஸ் அசிட்டேட்டில்! ஒரு குறை, வருஷம் போகப்போக இறக்கை தானாக முறுக்கிக்கொள்ளும். பிறகுதான் பாலிஸ்டைரீன் வந்தது. ஏர்ஃபிக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1939-இல் அதைத் தொடங்கிய நிக்கோலஸ் கோவ் ஹங்கேரியிலிருந்து வந்தவர். காற்று நிரப்பிய ரப்பர் பொம்மையும் சீப்பும் விற்றவர். அந்தக் கம்பெனியின் முதல் கிட் விமானமே இல்லை, ஒரு டிராக்டர்!

பாலிஸ்டைரீன் கிட்டை ஒட்டும் பசை உண்மையில் பசையே இல்லை, தெரியுமா? அது பிளாஸ்டிக்கை இளக்கி இரண்டு துண்டையும் ஒன்றாகக் கரைத்துவிட்டு ஆவியாகிப் போய்விடும். ஒட்டவில்லை, பற்றவைக்கிறோம். இந்த வேலையை ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீன்கூடச் செய்யும். அதில் தயாரித்த மாடல் பசையே விற்கிறார்கள். இதைக் கேட்டதும் ஊட்டிக்காரர் ஒருவர் சட்டென்று யோசிக்க வேண்டியது: அப்படியானால் நம் தைலம்? ஆமாம், நீலகிரித் தைலமும் அதே டெர்பீன் குடும்பம்தான், அதுவும் பாலிஸ்டைரீனை இளக்கக்கூடியது! 1843-இல் கேப்டன் காட்டன் என்பவர் வெலிங்டனில் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் தைல மரம், இப்படி ஒரு நாள் விமானத்தின் இறக்கைக்கு எமனாகும் என்று யார் கண்டார்! சளிக்குத் தைலம் தேய்த்த கையோடு மாடலைத் தொடாதீர்கள்.

மலைமேல் உட்கார்ந்து மாடல் செய்வதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஃபெவிக்விக் மாதிரி நொடியில் ஒட்டும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகிறது. கோத்தகிரியில் மூடுபனி இறங்கிய மாலையில் அது தன் வேலையை ஜோராக முடித்துவிடும். ஆனால் அதே மாலையில் லேக்கர் அடித்தால் போச்சு! கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டு, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்பு விமானம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டில் நொடிப் பசையைத் தொடவே கூடாது, அதன் ஆவியே கண்ணாடியை மங்கலாக்கிவிடும். அங்கே ராஜா யார் தெரியுமா? பள்ளிக்கூட ஃபெவிகால்! வெள்ளையாக வைத்து, காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். ஆகவே ஒட்டுகிற வேலையை மழை மாதங்களில் முடித்து, பெயிண்டைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்வது உத்தமம். அப்போது ராத்திரி உறைபனி கொட்டினாலும் பகல் காற்று காய்ந்து கிடக்கும்.

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, சுமார் 92, 93-லேயே பொங்கிவிடும். ரெசினில் வார்த்த பாகம் கோணலாக இருந்தால் வெந்நீரில் முக்கி நிமிர்த்தலாம், அதற்கு அந்தச் சூடு தாராளம். பாலிஸ்டைரீன் நன்றாக இளக ஏறக்குறைய 100 வேண்டும். ஊட்டி வெந்நீருக்கு அது மசியாது. ஆனால் பாகங்களைத் தாங்கியிருந்த சட்டத்தின் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுங்கள். தலைமுடியைவிட மெல்லிய நூல் வரும்! விமானத்தின் ஆன்டெனா கம்பி ரெடி. குப்பைக்குப் போக வேண்டிய பிளாஸ்டிக்.

இனி ஆட்களின் கதை. மாடல் கடைகளில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190-க்கு எப்போதும் மவுசு. அதை வடிவமைத்த குர்ட் டேங்க் சென்னைக் குரோம்பேட்டையில் பாடம் நடத்தியவர் தெரியுமா? மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் தனக்கு வாய்த்த பேராசிரியர்களில் ஒருவராக அவரைத் தன் சுயசரிதையில் சொல்கிறார் அப்துல் கலாம்! அந்தக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள்தான் கலாமை அங்கே கட்டிப்போட்டன. டேங்க் பிறகு பெங்களூரில் மாருத் ஜெட்டை வடிவமைத்தார். அது 1961 ஜூன் 17-இல் பறப்பதற்கு முன், 1959-இலேயே அதன் வடிவில் முழு அளவு மரக் கிளைடர் ஒன்றைச் செய்து பறக்கவிட்டுச் சோதித்தார்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் ஒரு மாடல்!

பிரிட்டனின் விமானப்படையில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரோடு மூன்று ஸ்குவாட்ரன்கள் இருந்தன: 79, 234, 264. போருக்குச் சென்னை மாகாணம் திரட்டிக் கொடுத்த பணத்துக்கு நன்றி. கோடையில் அந்த மாகாணமே ஊட்டியிலிருந்துதான் ஆளப்பட்டது. 264-வது ஸ்குவாட்ரன் ஓட்டிய டிஃபையன்ட் ஒரு விசித்திரப் பிறவி: முன்னால் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது, நான்கும் விமானியின் முதுகுக்குப் பின்னால் சுழலும் கூண்டில்! ஹரிக்கேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்த ஜெர்மானியர்கள் மாட்டிக்கொண்டார்கள். ரகசியம் தெரிந்ததும் முன்னாலிருந்து வந்தார்கள், கதை மாறிப்போனது. அந்த ஸ்குவாட்ரனின் அடையாளமான பி.எஸ். என்ற எழுத்துகளோடு டிஃபையன்ட் டீகால் (மாடல் மேல் ஒட்டும் அச்சுப் படம்) கிடைத்தால் விடாதீர்கள், அதில் நம்மூர்க் காசும் இருக்கிறது.

இளஞ்சிவப்பு ஸ்பிட்ஃபயர் கேள்விப்பட்டதுண்டா? கேலி இல்லை. விடியலிலும் அந்தியிலும் மேகத்துக்குக் கீழே தாழப் பறந்து படம் பிடிக்கும் விமானங்களுக்கு அந்த நிறம் பூசினார்கள். கடற்படையிலும் ஒரு சாம்பல் கலந்த ஊதாச் சிவப்பு இருந்தது, அதைக் கப்பல்களுக்குப் பூசச் சொன்னவர் மவுன்ட்பேட்டன். கண்டியில் தலைமையகம் வைத்துப் போர் நடத்திய, பிறகு டெல்லியில் வைஸ்ராயாக உட்கார்ந்த அதே மவுன்ட்பேட்டன்தான்!

ஒரு பொம்மை பெரிய அரசாங்கத்தைக் கலங்கடித்ததும் உண்டு. 1986-இல் டெஸ்டர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ‘எஃப்-19’ என்று ரேடாருக்குத் தெரியாத விமானத்தின் கிட்டை விற்றது. ராணுவ ரகசியம் கடைக்கு வந்துவிட்டதே என்று ஒரே அமளி! இரண்டு வருஷம் கழித்து நிஜ விமானத்தைக் காட்டினார்கள். கிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

‘நீலகிரி’யைப் போர் விமானம் தாக்கி மூழ்கடித்தது தெரியுமா? பதறாதீர்கள். 1972-இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரி ஓய்வுபெற்றபின், 1997-இல் நம் சீ ஹாரியர் விமானமே பயிற்சிக்காக ஏவுகணை விட்டு அதைக் கடலுக்குள் அனுப்பியது. அதே பெயரில் புதிய கப்பல் 2025 ஜனவரியில் வந்துவிட்டது.

சூலூரிலிருந்து இரண்டு தேஜஸ் ஸ்குவாட்ரன்கள் பறந்திருக்கின்றன. அதில் 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே 27-இல் தேஜஸுடன் மறுபிறவி எடுத்தது. 1971 டிசம்பர் 14-இல் ஸ்ரீநகர் மேலே தனியாகப் போராடி உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன் இந்த ஸ்குவாட்ரன்காரர்தான். விமானப் படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஒருவர். அவர் ஓட்டிய நாட் விமானத்தை 72-இல் ஒரு பங்கில் செய்தால் 12 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். பக்கத்தில் அதே ஸ்குவாட்ரனின் தேஜஸை வையுங்கள். அலமாரியில் இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை.

சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய வேறொரு விமானமும் உண்டு, 2021 டிசம்பர் 8-இல், குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த ஹெலிகாப்டர். முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் போனார்கள். அதை இந்த ஆச்சரியங்களோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சூலூரிலேயே இருக்கும் விமானப் படையின் ‘சாரங்’ சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்களில் உடல் நீளத்துக்கு ஒரு மயில்! முருகன் ஊருக்குப் பக்கத்தில் பொருத்தம்தான். ஆனால் கையகல மாடலில் தோகையைக் கையால் வரைய உட்கார்ந்தவர்களின் பொறுமைக்கு ஒரு சக்ரா தனியாகக் கொடுக்கலாம். டீகால் ஒட்டுவதே புத்தி.

விமானம் முடிந்தபின் அதை நிறுத்த ஒரு தரை வேண்டுமே! காய்ந்த இலைச் சருகு போல் தெரிய உலகெங்கும் மாடல்காரர்கள் தூவுவது என்ன தெரியுமா? டீத்தூள்! ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பலகையில் பூசி, மேலே தூவினால் காட்டுத் தரை. இதற்காகக் குன்னூர் ஏலத்தில் போகும் உயர்ந்த ரகத்தை எடுக்காதீர்கள். வடிகட்டியில் மிஞ்சிய சக்கை போதும், ஆனால் அடுப்பில் வறுத்து ஈரத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஊட்டி ஈரத்தில் ஒரே வாரத்தில் ஓடுபாதை முழுக்கப் பூஞ்சணம் முளைத்துவிடும், அதற்கு என்ன ஸ்கேல் என்று யாரும் சொல்ல முடியாது.